10 வினாடி கேட்டால் 2.5 வினாடியில் நிற்கிறது: செங்குத்து சீஸ்மோமீட்டருக்கு சுழிநீள ஸ்பிரிங்

பாலக்கோடு_பாறை:

வணக்கம். செங்குத்து அசைவைப் பதியும் சீஸ்மோமீட்டர் ஒன்று கட்டியிருக்கிறேன். சுமத்ரா மாதிரி தூரத்து நிலநடுக்கங்களின் மேற்பரப்பு அலைகள் வேண்டும். அவை 15–20 வினாடி அலைகள், அதனால் கருவியின் அலைவு நேரம் (ஒருமுறை ஆடித் திரும்பி வர ஆகும் நேரம்) குறைந்தது 10 வினாடியாவது இருக்க வேண்டும். ஆனால் 2.5-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

அமைப்பு இது: 20 செ.மீ. தூண். அதன் அடியில் கீல். கீலிலிருந்து படுக்கையாக ஒரு கை, 30 செ.மீ. தள்ளி நுனியில் 370 கிராம் ஈயம். தூணின் உச்சியிலிருந்து சாய்வாக ஸ்பிரிங் இறங்கி, கையில் 20 செ.மீ. தொலைவில் மாட்டுகிறது. கை சரியாகப் படுக்கையாக நிற்கிறது.

ஸ்பிரிங் தர்மபுரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கியது. கம்பி 1 மி.மீ., வெளிவிட்டம் 15 மி.மீ., 99 சுற்று. சும்மா இருக்கும்போது கொக்கிக்குக் கொக்கி 13 செ.மீ. எடை தொங்கவிட்டு அளந்தது: 600 கிராமில் 23.2 செ.மீ., 800-ல் 28.6, 1000-ல் 34.0. கீலுக்கு 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகுத் தகடு) பட்டை இரண்டு, குறுக்காக. அகலம் 10 மி.மீ., இரு பிடிகளுக்கும் நடுவே 10 மி.மீ.

இதற்கு சுழிநீள ஸ்பிரிங், அதாவது ஜீரோ லெங்த் ஸ்பிரிங் வேண்டும் என்கிறார்கள். கடையில் கேட்டால் "நீளமே இல்லாத ஸ்பிரிங்கா?" என்று சிரிக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? எங்கே கிடைக்கும்? அதை வாங்கி, தூணும் கையும் இல்லாமல் நேராக எடையைத் தொங்கவிட்டால் 10 வினாடி வந்துவிடுமா?

சுருள்வில்:

விடை உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது. 200 கிராம் கூடினால் 5.4 செ.மீ. நீள்கிறது, அதாவது 100 கிராமுக்கு 2.7. 600 கிராமில் 23.2 என்றால், ஆறு 2.7-ஐக் கழித்துக்கொண்டே பின்னால் வந்தால் சுமை பூஜ்ஜியமாகும் இடத்தில் 7 செ.மீ. வரும். நிஜத்தில் ஸ்பிரிங் 13-க்குக் கீழே சுருங்காது, சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆனால் விசையின் கணக்கு 7-லிருந்துதான் தொடங்குகிறது. பேச வசதியாக இதற்கு 'மிச்ச நீளம்' என்று பெயர் வைப்போம். மிச்ச நீளம் பூஜ்ஜியமாக வரும்படி சுற்றியதுதான் சுழிநீள ஸ்பிரிங். கையில் எடுத்தால் அதற்கும் நீளம் உண்டு. ஆனால் 28 செ.மீ.க்கு இழுத்தால் தரும் விசை 14 செ.மீ.க்குத் தருவதைப்போலச் சரியாக இரண்டு மடங்கு. கொக்கியையும் சேர்த்த முழு நீளத்துக்கு விசை நேர்விகிதம், அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்விக்கு: வராது. பலரும் ஏமாறும் இடம் இது. நேராகத் தொங்கும் எந்த ஸ்பிரிங்குக்கும் அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது எடையால் வந்த நீட்சி ஒன்றுதான். நேரத்தை வர்க்கப்படுத்தி 0.25-ஆல் பெருக்குங்கள், தேவையான நீட்சி மீட்டரில் வரும். 1 வினாடிக்கு 25 செ.மீ. 10 வினாடிக்கு 25 மீட்டர். 20 வினாடிக்கு 100 மீட்டர், அதற்கு ஒரு சுரங்கக் குழி வேண்டும். சுழிநீள ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டாலும் இதே கணக்கு. ஸ்லிங்கி பொம்மையைத் தொங்கவிட்டுச் செய்யும் கருவிகள் 1 வினாடியை ஒட்டியே நிற்பதும் இதனால்தான். வேலையைச் செய்வது ஸ்பிரிங் தனியாக அல்ல, ஸ்பிரிங்கும் அந்த முக்கோணமும் சேர்ந்து.

முக்கோணத்தைப் பாருங்கள். கீல், தூண் உச்சி, கையில் ஸ்பிரிங் மாட்டும் புள்ளி. ஸ்பிரிங் கையைத் தூக்கும் திருப்புவிசை என்பது விசை பெருக்கல் கீலிலிருந்து ஸ்பிரிங் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம். விசை ஸ்பிரிங்கின் முழு நீளத்துக்கு நேர்விகிதமாக இருந்தால், 'நீளம் பெருக்கல் செங்குத்துத் தூரம்' என்பது முக்கோணப் பரப்பின் இரண்டு மடங்கு. அதே பரப்பைத் தூணை அடிப்பக்கமாக வைத்தும் கணக்கிடலாம்: பாதித் தூண் பெருக்கல் மாட்டும் புள்ளி தூணிலிருந்து எவ்வளவு படுக்கைத் தூரத்தில் இருக்கிறது என்பது. கை மேலே போனாலும் கீழே போனாலும் தூண் மாறாது. ஆகவே ஸ்பிரிங் தூக்குவது அந்தப் படுக்கைத் தூரத்துக்கு நேர்விகிதம். ஈயம் கையை இறக்கும் திருப்புவிசையும் அதே படுக்கைத் தூரத்துக்குத்தான் நேர்விகிதம். இரண்டும் ஒன்றாகவே கூடி ஒன்றாகவே குறைகின்றன. ஒரு கோணத்தில் சமன் ஆனால் எல்லாக் கோணத்திலும் சமன். கையை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். திரும்பி வரும் விசை இல்லை என்றால் அலைவு நேரம் முடிவிலி. அந்த முடிவிலியிலிருந்து வேண்டிய அளவு கீழே இறங்கி வருவதுதான் ட்யூனிங்.

1932-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லூசியன் லாகோஸ்ட் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு, நீண்ட அலைவு நேரமுள்ள செங்குத்துக் கருவி ஒன்றை யோசிக்கும்படி ஆசிரியர் ஆர்னால்டு ராம்பர்க் கொடுத்த கணக்குக்கு வந்த விடை இது. 1934-ல் கட்டுரையாக வந்தது. பின்னால் அவர்கள் இருவர் பெயரிலும் வந்த ஈர்ப்புமானிகளுக்கு உள்ளேயும் இதே ஸ்பிரிங்தான்.

உங்களுடையதில் மிச்ச நீளம் 7 செ.மீ. கை இறங்கும்போது ஸ்பிரிங் தேவைக்கு மேல் வலுக்கிறது, ஏறும்போது தேவைக்கு மேல் தளர்கிறது. அதனால் கையை நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் 20-20-30 அமைப்பில் (தூண் 20, ஸ்பிரிங் மாட்டும் இடம் 20, ஈயம் 30), கீலைக் கணக்கில் சேர்க்காமல், மிச்ச நீளம் 10 செ.மீ. என்றால் 2.1 வினாடி, 7 என்றால் 2.7, 3 என்றால் 4.5, 1 என்றால் 8.1. கடைசி ஒரு சென்டிமீட்டருக்குத்தான் விலை அதிகம்.

2.7 வர வேண்டிய இடத்தில் 2.5 வந்ததற்குக் காரணம் கீல். அதைப் பிறகு பார்ப்போம்.

பாலக்கோடு_பாறை:

புரிந்தது. முக்கோணப் பரப்பு விளக்கத்துக்கு நன்றி. அப்படியென்றால் ஸ்பிரிங்குடன் ஒரு நேர்க்கம்பியைச் சேர்த்து மிச்ச நீளத்தைச் சரிசெய்ய முடியுமா? ஓசூர் பக்கம் யாராவது சுற்றிக் கொடுப்பார்களா?

ஓசூர்_லேத்து:

நேர்க்கம்பி சேர்த்தா மிச்ச நீளம் கூடும், குறையாது. 5 செ.மீ. கம்பி போட்டா உங்க 7 பன்னெண்டாயிடும். கம்பி உதவுறது ஒரே ஒரு இடத்துலதான். ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கிச் சுத்தி மிச்ச நீளம் மைனஸ்ல போயிட்டா, போன அளவுக்குக் கம்பி போட்டுப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வரலாம். தெரிஞ்சவங்க செய்றதும் அதுதான். சரியாப் பூஜ்ஜியத்துக்குச் சுத்துறது கஷ்டம். கொஞ்சம் மைனஸ்ல சுத்தி, கம்பியை நீட்டிக் குறைச்சு ட்யூன் பண்றது சுலபம்.

பட்டறைக்குப் போனா 'சுழிநீளம்'னு சொல்லாதீங்க, புரியாது. முன் இறுக்கம்னு சொல்லுங்க, இனிஷியல் டென்ஷன்னு கேட்டாத் தெரியும். உங்க ஸ்பிரிங் அளவுக்குக் கணக்கு: மூடின நீளம் 13 செ.மீ., 100 கிராமுக்கு 2.7. பதின்மூணை 2.7-ஆல வகுத்தா 4.8. அதாவது 480 கிராம் ஏறின பிறகுதான் சுருள் வாயைத் திறக்கணும். உங்களது 220-லேயே திறக்குது. ஆட்டோமேடிக் சுருள் மெஷின்ல இந்த விட்டத்துக்கு, இந்தக் கம்பிக்கு, தேவையில பாதிதான் முன் இறுக்கம் வரும். அதுக்கு மேல வேணும்னா லேத்துல கையால சுத்தணும்.

சுத்துற முறை. கம்பி பியானோ வயர், அதாவது மியூசிக் வயர், 1 மி.மீ. எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேண்டாம். 99 சுத்துக்கு 4.4 மீட்டர் ஆகும், பிடிக்கு ஒரு மீட்டர் சேர்த்து வெட்டுங்க. உள்விட்டம் 13 வேணும்னா மாண்ட்ரல் (கம்பியைச் சுத்துற உருளை) 13 போடக்கூடாது, விட்டதும் விரியும். 11 மி.மீ.ல பத்து சுத்து சுத்திப் பாத்து, விரிஞ்ச அளவை வெச்சு மாண்ட்ரலைக் கடைஞ்சுக்குங்க. லேத்து பேக் கியர்ல, இருக்கிறதுலயே மெதுவான வேகம். கம்பியை ரெண்டு பித்தளைக் கட்டைக்கு நடுவுல அழுத்திப் பிடிச்சு விடணும்.

இறுக்கம் வர்றதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, கம்பியை நேராக் கொடுக்காம, ஏற்கெனவே சுத்தின சுருள் பக்கமாச் சாய்ச்சுக் கொடுக்கிறது. புதுச் சுத்து பழைய சுத்தை நெருக்கிக்கிட்டே உக்காரும். சாய்வு அதிகமானா முந்தின சுத்து மேல ஏறிடும், அதுவே எல்லை. ரெண்டாவது, சுத்தும்போதே கம்பியை அதோட அச்சுல முறுக்கிக்கிட்டே விடுறது. இந்த ஸ்பிரிங்குக்கு ஒரு சுத்துக்குச் சுமார் 11 டிகிரி முறுக்கு உள்ளே நிக்கணும். மொத்தத்துக்கு மூணு முழுத் திருகல். கம்பி கொஞ்சம் மீளும்கிறதால கொடுக்கும்போது கூடவே கொடுக்கணும், எவ்வளவுங்கிறது ரெண்டு மூணு ஸ்பிரிங் வீணானாத்தான் தெரியும். திசை மாத்திக் கொடுத்துட்டா சுருள் மூடாம இடைவெளி விட்டுத் திறந்தே நிக்கும், உடனே கண்டுபிடிச்சுடலாம்.

முடிஞ்சதும் கம்பியை அப்படியே வெட்டாதீங்க. மாண்ட்ரலைப் பிடிச்சிருக்கிற லேத்து சக்கை (chuck) கையால பின்னாடி சுத்தி இறுக்கத்தை முழுசா விட்ட பிறகு வெட்டுங்க. கண்ணாடி கட்டாயம். மியூசிக் வயர் நுனி சுழண்டா கண்ணைப் பாக்காது.

சூடு: சாதாரணமா மியூசிக் வயர் ஸ்பிரிங்கை 230–260 டிகிரி அடுப்புல அரை மணி வெச்சு எடுப்பாங்க. நீங்க சொல்லாம விட்டா அதையும் வழக்கப்படி செஞ்சுடுவாங்க. அதுல கஷ்டப்பட்டு ஏத்தின முன் இறுக்கம் கணிசமா இறங்கிடும். அடுப்பு வேண்டாம்னு எழுதிக் கொடுங்க. அதுக்குப் பதிலா, வேலைச் சுமையை விடக் கால்வாசி அதிகம் தொங்கவிட்டு ரெண்டு மூணு வாரம் ஒரு மூலையில விடுங்க. இளகுறது பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சுடும்.

கொக்கி வேண்டவே வேண்டாம். கொக்கி ரெண்டும் சேர்ந்து 3 செ.மீ. தின்னுது, துளையில உரசவும் செய்யுது. கடைசி மூணு சுத்து உள்ளே திருகி நிக்கிற மாதிரி சுருள் பள்ளம் வெட்டின பித்தளை அடைப்பான் கடைஞ்சு, அதோட நடுவுல 0.3 மி.மீ. கம்பி ஒண்ணு வெச்சு அதுலேயே மாட்டுங்க. மூடின நீளம் 10.5-க்கு வந்துடும். அப்போ தேவையான முன் இறுக்கம் 480-லிருந்து 390-க்கு இறங்கும். உங்க பழைய ஸ்பிரிங்குலயே கொக்கியை வெட்டி இதைப் போட்டா மிச்ச நீளம் 7-லிருந்து 4.5-க்கு வரும்.

காவேரிப்பட்டினம்_ஐடிஐ:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? தூண் உச்சியில் ஒரு சிறு கப்பி வைத்து, ஸ்பிரிங்கைத் தூணுக்குப் பின்னால் கீழே நிறுத்தி, அதிலிருந்து வரும் கம்பியைக் கப்பி மேல் ஏற்றிக் கையில் கட்டினால் போதும். ஸ்பிரிங்கின் நீளம் முழுக்க கப்பிக்குப் பின்னால் போய்விடும். கப்பியிலிருந்து கை வரை உள்ள தூரம் மட்டும்தான் நீட்சி. சாதா ஸ்பிரிங்கே சுழிநீளம் ஆகிவிடும்.

சுருள்வில்:

கணக்கு சரி. எடையைச் சமன்செய்து தாங்கும் கைகளில் இந்த வித்தையைப் பயன்படுத்துகிறார்கள். சீஸ்மோமீட்டருக்கு ஆகாது. கப்பியின் உராய்வு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மைக்ரோமீட்டர் அசைவுகளில் கப்பி சுழலவே சுழலாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரிய நடுக்கத்தில் நன்றாக வேலை செய்வதுபோலக் காட்டும், சிறியதில் ஊமை. மேசையில் கையைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

பாலக்கோட்டாருக்கு: புது ஸ்பிரிங் சுற்றும் முன் இருப்பதை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். மிச்ச நீளத்தின் கெடுதல் முக்கோணத்தின் வடிவத்தைப் பொறுத்தது. தூணும் கையும் சமமாக இருக்கும்போதுதான் அது உச்சம். தூணை 40 செ.மீ. ஆக்குங்கள், ஸ்பிரிங்கைக் கையில் 10 செ.மீ.யில் மாட்டுங்கள். ஸ்பிரிங் நீளம் 41.2 செ.மீ., விசை சுமார் 1270 கிராம், நுனியில் ஈயம் 410 கிராம். அலைவு நேரம் 2.7-லிருந்து 5 வினாடிக்குப் போகும். ஸ்பிரிங் அதேதான். கொக்கியை வெட்டி பித்தளை அடைப்பானும் போட்டால் ஈயம் 440, அலைவு நேரம் 6.5. 1 மி.மீ. மியூசிக் வயர் இந்த விசையைத் தாராளமாகத் தாங்கும். கடை ஸ்பிரிங் என்ன கம்பியோ தெரியாது, ஆகவே முதலில் ஒன்றரைக் கிலோ தொங்கவிட்டு, இறக்கிய பிறகு பழைய 13 செ.மீ.க்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.

இப்போது கீல். 0.1 மி.மீ. பட்டை, 10 அகலம், 10 நீளம்: ஒவ்வொன்றும் ரேடியனுக்கு 0.017 நியூட்டன்-மீட்டர் விறைப்பு, இரண்டும் சேர்ந்து 0.033. உங்கள் எடைக்கு 10 வினாடி வேண்டுமென்றால் எல்லாம் சேர்ந்து மொத்த விறைப்பே 0.013-தான் இருக்கலாம். கீல் மட்டுமே அதைப் போல இரண்டரை மடங்கு. எவ்வளவு நல்ல சுழிநீள ஸ்பிரிங் போட்டாலும் இந்தக் கீலோடு 10 வராது. 0.05 பட்டைக்கு மாற்றுங்கள். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று, 0.004.

மெல்லிய பட்டை போடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்பிரிங் கையைத் தூக்குவது மட்டுமில்லை, தூணை நோக்கி இழுக்கவும் செய்கிறது. 20-20 அமைப்பில் அந்த இழுப்பு 550 கிராமுக்கு மேல், 40-10-ல் 300. படுக்கைப் பட்டையைத் தூணுக்கும் கைக்கும் நடுவில் வைத்தால் அது அமுக்கத்தில் மாட்டி வளையும். 0.1-ல் தெரியாது, 0.05-ல் பட்டை நெளிந்து அலைவு நேரம் தினம் ஒரு கதை சொல்லும். கையின் அடிமுனையைக் கவட்டை மாதிரி பிளந்து தூணின் இரு பக்கமும் பின்னால் போகவிட்டு, கவட்டையின் பின்முனைக்கும் தூணுக்கும் நடுவில் பட்டையைப் பிடியுங்கள். ஸ்பிரிங் முன்னாலிருந்து தள்ளத் தள்ளப் பட்டை இழுபடும். செங்குத்துப் பட்டைக்கும் இதே கதை. 40-10 அமைப்பில் ஸ்பிரிங் மேல்நோக்கித் தூக்குவது 1230 கிராம், ஈயம் இறக்குவது 410. மிச்சம் 820 கிராமுக்குக் கீல் கையைக் கீழே பிடித்து வைக்க வேண்டும். ஆகவே செங்குத்துப் பட்டையின் கீழ்முனை அடித்தளத்தில், மேல்முனை கையில்.

கடைசியாகத் தூணின் சாய்வு. தூண் உச்சி ஈயத்தின் பக்கம் சாய்ந்தால் அலைவு நேரம் குறையும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கூடும். உண்மையான சுழிநீள ஸ்பிரிங் என்றால் செங்குத்துத் தூணில் முடிவிலி, ஆகவே ஈயத்தின் பக்கம் ஒரு பொடி சாய்க்க வேண்டும். 30 செ.மீ. கைக்கு, கீலை ஒதுக்கிவிட்டால், 10 வினாடிக்கு 0.7 டிகிரி, 20 செ.மீ. தூண் உச்சியில் 2.4 மி.மீ. அதனால் உச்சியை எம்4 திருகில் நகரும்படி செய்யுங்கள், ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மி.மீ. நகரும். உங்களுடையதில் மிச்ச நீளம் இருப்பதால் எதிர்ப்பக்கம். 40-10 அமைப்பில் 0.05 கீலோடு உச்சியை 1.2 செ.மீ. போல ஈயத்துக்கு எதிராகச் சாய்த்தால் 8 வினாடி வரை காட்டும். ஆனால் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். இரண்டு எதிரெதிர் குறைகளை ஒரே ஒரு கோணத்தில் கழித்து வாங்கிய 8 வினாடி அது. கை கொஞ்சம் இறங்கினால் அலைவு நேரம் நீளும், ஏறினால் சுருங்கும். சுழிநீள ஸ்பிரிங்குக்கு மரியாதை இதற்குத்தான்: கை எங்கே நின்றாலும் அலைவு நேரம் கிட்டத்தட்ட ஒன்றே.

பாலக்கோடு_பாறை:

தூண் 40, மாட்டும் இடம் 10, பட்டை 0.05, கவட்டை அமைப்பு. கொக்கியை இன்னும் வெட்டவில்லை, சாய்வும் கொடுக்கவில்லை. 4.8 வினாடி, பத்து முறை அளந்தும் அதேதான். ஆனால் புதிதாக ஒரு தொல்லை. மாலையில் நடுவில் நிறுத்திய கை விடியற்காலையில் 8 மி.மீ. மேலே ஏறி நிறுத்தியில் முட்டி நிற்கிறது. ஸ்பிரிங் சுருங்குகிறதா? இளகினால் கீழேதானே வர வேண்டும்?

தொப்பூர்_கணவாய்:

அறை வெப்பநிலையை எழுதவில்லையே. இரவு சுமார் 6 டிகிரி இறங்கியிருக்க வேண்டும்.

எஃகு குளிர்ந்தால் விறைப்பு கூடும். டிகிரிக்குப் பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அலைவு நேரத்தை நீட்டுவது என்றாலே சிறு விசைக்கும் கை பெரிதாக நகரும்படி செய்வதுதான். நிலநடுக்கத்துக்கு ஒரு நியாயம், வெப்பத்துக்கு ஒரு நியாயம் என்று அது பார்க்காது. 2 வினாடிக் கருவியில் டிகிரிக்கு கால் மி.மீ. நகரும். 5 வினாடியில் ஒன்றரை மி.மீ. 10 வினாடியில் 6 மி.மீ. அலைவு நேரம் இரட்டித்தால் நகர்வு நான்கு மடங்கு. உங்கள் 4.8-க்கு டிகிரிக்கு 1.4 மி.மீ., ஆறு டிகிரிக்கு எட்டரை. கணக்கு பொருந்துகிறதா பாருங்கள். இளகல் வேறு: அது கீழ்நோக்கி, ஒரே திசையில், நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். மேலும் கீழுமாகத் தினம் ஒரு சுற்று வந்தால் அது வெப்பம்.

வெப்பத்துக்கு அசையாத எலின்வார் என்ற நிக்கல் கலவை உண்டு. அதைக் கண்ட இயற்பியலாளர் கியோமுக்கு 1920-ல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டில் கட்டுகிறவர்கள் அதைத் தேடி அலைவதைவிடப் பெட்டியில் கவனம் செலுத்துவது மேல்.

நம் ஊர்ப் பகல் வெயிலுக்கு ஒற்றைத் தெர்மாகோல் போதாது. 50 மி.மீ. பலகையில் உள்பெட்டி, கைப்பிடி இடைவெளி விட்டு வெளிப்பெட்டி. இடைவெளியில் தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஐந்து லிட்டர் கேன்கள் நாலைந்து. தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். மூட்டுகளில் டேப் ஒட்டி முழுக்க அடையுங்கள். பெட்டி நிற்பது மாடியில் வேண்டாம், மேற்குச் சுவர் ஓரமும் வேண்டாம். உங்கள் பக்கம் பாறை மேலேயே தெரியும் இடங்கள் உண்டு. மண்ணை நீக்கிப் பாறையைக் கழுவி, அதன் மேல் நேரடியாக ஒரு சிமென்ட் மேடை போட்டால் வெப்பத்துக்கும் நல்லது, சாய்வுக்கும் நல்லது. டைல்ஸ் தரையின் மேல் வைத்தால் நீங்கள் நடந்து போவதே நிலநடுக்கமாகப் பதியும்.

உள்பெட்டியின் கூரைக்குக் கீழே அரை வாட் அளவுக்கு ஒரு மின்தடையைச் சூடாக வைத்துவிடுங்கள். மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று காற்று அடுக்கடுக்காக உறைந்து நிற்கும். இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே காற்று சுழன்று கையை ஆட்டும், பதிவில் அது நீண்ட சோம்பலான அலைகளாகத் தெரியும். இரண்டு நாள் எதையும் திறக்காமல் விட்ட பிறகு பாருங்கள்.

இன்னொன்று: தணிப்புக்கு, அதாவது கை ஆடிக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் அடங்குவதற்கு, காந்தம் வைக்கும்போது அதைக் கையின் நுனியில், ஈயத்துக்கு அப்பால் வையுங்கள். செம்புத் தகடு கையோடு அசையட்டும், நியோடிமியம் காந்தங்கள் தரையில் நிற்கட்டும். காந்தத்தை ஸ்பிரிங் பக்கம் கொண்டு போகக்கூடாது. எஃகு ஸ்பிரிங்கை அது இழுக்கும், அந்த இழுப்பு சேர்ந்து உங்கள் மிச்ச நீளக் கணக்கெல்லாம் பொய்யாகும்.

பாலக்கோடு_பாறை:

இரவு 33-லிருந்து 27-க்கு இறங்கியிருக்கிறது, நீங்கள் சொன்னபடியே. பெட்டி செய்கிறேன். இன்னொரு சந்தேகம்: பதிவில் வினாடிக்கு 18 முறை போல ஒரு மெல்லிய நடுக்கம் ஓயாமல் இருக்கிறது. ரயில் போகும்போது ரொம்ப அதிகம். இந்தப் பக்கத்துக் கல் குவாரி வெடியும் விழுமா?

சுருள்வில்:

அந்த 18 ரயிலின் எண் அல்ல, உங்கள் ஸ்பிரிங்கின் எண். 4.4 மீட்டர் கம்பிக்கு எடை 27 கிராம். இரண்டு முனையும் பிடிபட்ட நிலையில் சுருள் தனக்குள்ளேயே முன்னும் பின்னும் அலையும் வேகம் கணக்குப்படி 18.4 ஹெர்ட்ஸ். ரயிலும் நெடுஞ்சாலை லாரிகளும் அதைத் தட்டிவிடுகின்றன, அது மணி மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்பிரிங்கில் பஞ்சையோ ரப்பரையோ ஒட்டி அடக்கப் பார்க்காதீர்கள், அது இளகும், உராயும், வெப்பத்துக்கும் ஆடும். உங்களுக்கு வேண்டியது 20 வினாடி அலை. மின்சுற்றில் 5 ஹெர்ட்ஸுக்கு மேல் எண்மமாக்கும் முன்பே வடிகட்டிவிடுங்கள். மென்பொருளில் மட்டும் வடிகட்டினால், பெரிய லாரி போகும்போது ஆம்ப்ளிஃபயர் முன்பே நிரம்பி வழிந்திருக்கும்.

குவாரி வெடி விழும். கிருஷ்ணகிரி பக்கம் அதற்குக் குறைவில்லை. பகலில், சட்டென்று தொடங்கி, அரை வினாடிக்கும் குறைந்த அலைகளாக வந்து சில வினாடிகளில் அடங்கும். 2,000 கிலோமீட்டர் தள்ளி சுமத்ராவில் நடப்பது அப்படி இருக்காது. முதலில் சிறு அலைகள், நிமிடங்கள் கழித்து 20 வினாடி அலைகள் பெருகிப் பல நிமிடம் ஓடும். குழப்பம் வராது.

இப்போதுள்ள 4.8-லேயே அது தெரியும், 20 வினாடியில் உணர்திறன் குறைந்திருக்கும், அவ்வளவுதான். பதிவைப் பின்னால் மென்பொருளில் திருத்தி 20 வரை நீட்டிக்கொள்ளலாம். கொக்கியை வெட்டி 6 வினாடிக்குப் போவதைப் பெட்டி முடிந்த பிறகு செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம். வெட்டும்போது இரண்டு முனையிலும் ஒரு சுற்று கூடுதலாக விட்டு வெட்டுங்கள். அடைப்பான் முதல் தடவையே சரியாக உட்காராது.